வீட்டுக்குள் முயல் வளர்க்கத் தரை அமைப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முயல் வாங்கப் போகிறவர்கள் கூண்டு, தீவனம், தண்ணீர்ப் புட்டி எல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். தரையைப் பற்றிக் கேட்பவர் குறைவு, கடைகளிலும் அதைச் சொல்வதில்லை. நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இரண்டு முயல்களோடு இருக்கிறேன். இவற்றுக்கு ஒத்துவரும் தரையை அமைப்பதற்குள் ரொம்ப அலைய வேண்டியிருந்தது. கிடைக்கிற யோசனைகள் பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளுக்குச் சொன்னவை. தடித்த கம்பளம், மெத்தை, மரத்தரை என்று போகும். நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அதனால் இங்கே ஒரு விரிப்பு மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, நனைந்தால் எத்தனை சீக்கிரம் காயும் என்று முதலில் கேளுங்கள். கீழே சொல்கிற எல்லாத் தேர்வுக்கும் அந்தக் கேள்விதான் அடிப்படை.

1. வாங்குவதற்கு முன் பாதத்தைப் பாருங்கள்

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் தடித்த சதைத் திண்டு உண்டு. முயலுக்கு அது கிடையாது, அடர்ந்த முடி மட்டும்தான். நகத்தை மண்ணில் ஊன்றி ஓடுவதற்கான கால் அது. பளபளப்பான டைல்ஸில் நகம் பிடிக்காது, முடி வழுக்கும். நாம் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஈரத்தரையில் ஓடுவது மாதிரிதான். பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். முயலின் எலும்பு மெலிந்தது, பின்னங்கால் தசையோ பலமானது. பயந்து உதறும்போது தன் பலத்திலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும் முயல்கள் உண்டு. முயல் ஒரே மூலையில் உட்கார்ந்தே இருந்தால் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் அது தரைக்குப் பயந்துதான் நகராமல் இருக்கிறது.

நீங்கள் தரையில் உட்கார்ந்து, முயலின் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி மடியில் வையுங்கள். ஒரு கையால் பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். மல்லாத்திப் போட வேண்டாம். அப்படிப் போட்டால் அது அசையாமல் கிடக்கும், ஆனால் சுகத்தில் அல்ல, பயத்தில். பின்னங்காலின் குதிகால் பக்கம் உள்ள முடியை விரலால் இரண்டு பக்கமும் விலக்கிப் பாருங்கள். சுற்றி முடி மூடியிருக்க, நடுவில் சிறிதாக வெளிறிய தோல் தெரிந்தால் கவலை வேண்டாம். முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் தரையை உடனே மாற்ற வேண்டும். வீங்கியோ, பொருக்கு கட்டியோ, ரத்தம் கசிந்தோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அது பாதப்புண். கம்பித் தரை, கடினத் தரை, ஈரத் தரை மூன்றுமே அதைக் கொண்டுவரும். உடல் எடை கூடினாலும் நகம் நீண்டாலும் பாரம் முழுக்கக் குதிகாலுக்குப் போய்ச் சீக்கிரம் வரும். வெல்வெட் மாதிரி முடி உள்ள ரெக்ஸ் இன முயலுக்கு உள்ளங்கால் முடியும் மெல்லியது, கூடுதல் கவனம் வேண்டும்.

2. கம்பித் தரைக் கூண்டு கையில் இருந்தால்

எனக்குக் கூண்டு விற்றவர், "கம்பிதான் சார் சுத்தம், புழுக்கை கீழே விழுந்துடும்" என்றார். பண்ணையில் சுத்தம் செய்யும் வேலை குறையவே அந்த ஏற்பாடு. இறைச்சிக்கு வளர்க்கும் பண்ணை முயலின் ஆயுள் சில மாதங்கள். வீட்டு முயல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 வருஷம் வரை இருக்கும். அத்தனை வருஷமும் அது கம்பி மேல் நிற்கக்கூடாது. கூண்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடியில் முழுத் தட்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் விரிப்பு போடுங்கள், கதவைத் திறந்தே வையுங்கள். ஒட்டுப்பலகை மட்டும் வேண்டாம். சிறுநீரைக் குடித்து உப்பிவிடும், முயலும் பசையோடு சேர்த்துக் கடிக்கும்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பியின் பூச்சு சீக்கிரம் போய்த் துரு ஏறும். முயல் கம்பியைக் கடிக்கும் பிராணி.

3. வீட்டுத் தரை எந்த வகை?

விட்ரிஃபைடு டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாமே முயலுக்கு வழுக்கும். பழைய வீடுகளில் உள்ள சிவப்பு ரெட் ஆக்சைடு தரை பார்க்க அழகு, காலுக்கும் குளிர்ச்சி, ஆனால் மெருகேறிய தரை என்பதால் அதுவும் வழுக்கும், சிறுநீர்க் கறையும் பிடிக்கும். தட்டோடு, அதாவது தட்டையான மண் ஓடு, பதித்த தரையில் பிடிப்பு உண்டு. ஓடு ஈரத்தை உறிஞ்சுவதால் நாற்றம் உள்ளேயே தங்கிவிடும். வெறும் சிமென்ட் தரை சொரசொரப்பு, பாத முடியைத் தேய்த்துவிடும். ஆக எந்தத் தரையானாலும் மேலே ஏதாவது விரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் முழுவதையும் மூடிவிடாதீர்கள். முயலுக்கு வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் வசதி இல்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு வரக்கூடும். பங்குனி சித்திரையில் மதியம் அது தானாகவே வெறும் டைல்ஸைத் தேடிப் போய் வயிறு படப் படுக்கும். ஓடும் வழியில் இல்லாத ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி வெறும் தரையாக விடுங்கள்.

4. இடத்தை அளந்து மூன்றாகப் பிரியுங்கள்

பிரிட்டனில் உள்ள முயல் நலச் சங்கம் இரண்டு முயலுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய பத்தடிக்கு ஆறரை அடி. அவ்வளவு இடம் ஒதுக்க முடியாத வீட்டில் ஹாலின் ஒரு பக்கத்தை மறித்துக் கொடுத்து, காலையும் சாயங்காலமும் ஹால் முழுக்க ஓட விடுங்கள். முயல் அதிகம் ஓடுகிற நேரமும் அதுதான்.

அந்த இடத்தில் கழிக்கும் மூலை, நடக்கிற வழி, படுக்கிற இடம் என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் ஒரே விரிப்பு சரிவராது. கழிக்கும் மூலையில் துடைக்க எளிதாக இருக்க வேண்டும், நடக்கிற வழியில் பிடிப்பு வேண்டும், படுக்கிற இடத்தில் மென்மை வேண்டும். இப்படிப் பிரித்துவிட்டால் முழு அறைக்கும் விலை கூடிய விரிப்பு வாங்கும் செலவு மிச்சம்.

5. அடி விரிப்பு

ஈரம் தரைக்கு இறங்காமல் இருக்க வினைல் ஷீட் போதும். அறையின் நீளத்துக்குத் துண்டு போடாமல் ஒரே விரிப்பாக வெட்டி வாங்குங்கள். இணைப்பு இருந்தால் சிறுநீர் அங்கேதான் இறங்கும். முயல் விளிம்பைத்தான் கடிக்கும், நடுவில் கடிக்க அதற்குப் பிடி கிடைக்காது. எனவே நான்கு ஓரத்தையும் சுவர் வரைக்கும் அல்லது தடுப்புக்கு வெளியே வரைக்கும் கொண்டுபோங்கள். வினைலை மட்டும் போட்டு நிறுத்தினால் டைல்ஸைப் போலவே வழுக்கும், மேலே வேறு விரிப்பு கட்டாயம்.

மழைக்காலத்தில் தரை வியர்க்கும் வீடுகளில் வினைலுக்கு அடியில் ஈரம் தங்கிக் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். பசை போட்டு ஒட்டாமல் சும்மா விரித்தால்தான் வாரம் ஒரு முறை சுருட்டிக் காய விட முடியும். கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

6. மேல் விரிப்பு

என் அனுபவத்தில் முதலிடம் பருத்தி ஜமக்காளத்துக்குத்தான். நெருக்கமான நெசவு, அதனால் நகம் மாட்டாது. காலுக்குப் பிடிப்பு இருக்கிறது, கையாலேயே துவைக்கலாம், காற்றோட்டம் இருந்தால் சீக்கிரம் காயும். பவானி ஜமக்காளம் என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். முரட்டுப் பருத்தி நூலில் நெய்தது ஒன்று, பளபளக்கும் செயற்கைப் பட்டு நூலில் நெய்தது இன்னொன்று. இரண்டாவது வழுக்கும். பருத்தி என்று சொல்லி பாலியஸ்டர் கலந்ததையும் தருகிறார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், மிச்சம் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பாக உருண்டு கெட்டியாகிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, இரண்டு முனையிலும் தொங்கும் குஞ்சத்தை வெட்டுவது. அந்த நூல் முயலின் விரலில் சுற்றினால் அது இழுக்க இழுக்க இறுகும், விரல் வீங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். வெட்டி, விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்து நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். தையல் கடையில் கொடுத்தாலும் சின்ன வேலைதான். புதுசு சாயம் போகும், இரண்டு தண்ணீர் அலசிவிட்டு விரியுங்கள்.

ஜமக்காளத்தின் மேல், படுக்கிற இடத்தில் மட்டும் பாய் போடலாம். பனையோலைப் பாய் நல்லது. கடித்துத் தின்றாலும் ஓலைதான், கெடுதல் இல்லை. ஓரம் பிய்ந்ததும் மாற்றிவிடலாம், விலையும் கொஞ்சம். கிடைத்தால் தாழம்பாய் இன்னும் மிருது. கோரைப்பாய் வாங்கினால் சாயம் போடாததைப் பாருங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் நைலான் துணியைப் பிரித்துவிடுங்கள், குறுக்கே ஓடும் நூல் பருத்தியா என்றும் கவனியுங்கள். பிளாஸ்டிக் பாய் வேண்டவே வேண்டாம். எந்தப் பாயையும் நேரடியாக டைல்ஸ் மேல் போட்டால் முயல் குதிக்கும்போது பாயோடு சேர்ந்து சறுக்கும், அடியில் ஜமக்காளம் இருக்கட்டும்.

நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பது கயிற்றுப் பாய். ஆனால் தென்னைநார் முரடு, நாள் முழுக்க அதன்மேல் நின்றால் உள்ளங்கால் முடி தேயும். பறண்டி விளையாட ஒரு சின்னத் துண்டு போடுங்கள், அதற்கு அது அருமை. வாசல் மிதியடியாக விற்கும் கயிற்றுப் பாய்க்கு அடியில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருப்பார்கள், அதை வாங்காதீர்கள்.

குழந்தைகள் விளையாடும் ஃபோம் மேட், யோகா மேட், நீளமுடிக் கம்பளம், செயற்கைப் புல் இவை நான்கும் முயல் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. மெத்தென்று இருப்பதால் நல்லது என்று தோன்றும். முயல் ஃபோமைத் துண்டு துண்டாகப் பிய்க்கும், சிலதை விழுங்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலை அடைத்தால் உயிர் போகும். கம்பளத்தின் செயற்கை இழைக்கும் இதே ஆபத்து உண்டு.

சணல் சாக்கின் நெசவு இளகியது, நகம் மாட்டும். டர்க்கி டவலும் அப்படித்தான், அதன் வளையங்களில் நகம் சிக்கி, உதறும்போது வேரோடு பிடுங்கிவிடும். பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்துத் தைத்தால் படுக்கைக்கு நன்றாக இருக்கும், ஒரே நாளில் காயும். மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் மேட்டைச் சிலர் சொல்கிறார்கள். வழுக்காது, உண்மைதான். ஆனால் அந்தக் கனத்தைத் தனியாளாகத் தூக்கிக் கழுவ முடியாது, மூடிய அறையில் ரப்பர் வாடையும் தாங்காது.

மர அறுப்பு ஆலைத் தூளை விரிக்க வேண்டாம். நுண்தூசி மூச்சுக்குழலுக்குப் போகும், எந்த மரம் எதோடு கலந்தது என்பதும் தெரியாது. தென்னைநார்த் தூளும் வேண்டாம். தின்றால் வயிற்றில் ஊறி உப்பும்.

7. கழிக்கும் மூலை

முயல் பெரும்பாலும் ஒரே மூலையைத் தேர்ந்தெடுக்கும். நீங்கள் இடம் குறிக்காமல், அது தேர்ந்தெடுத்த மூலையில் அகலமான பிளாஸ்டிக் தட்டை வையுங்கள். முயல் உட்கார்ந்து திரும்பும் அளவு வேண்டும், ஒரு பக்க விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். அடியில் செய்தித்தாள் நான்கைந்து அடுக்கு, மேலே வைக்கோல். தின்னும் உலர்புல்லைத் தட்டின் ஒரு ஓரத்தில் வைத்தால் அதைத் தின்றுகொண்டே அங்கேயே கழிக்கும். பழக்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

நாஞ்சில் நாட்டு வைக்கோல் விரிப்புக்கு நல்லது. மாசி பங்குனியில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்ததும் வாங்கினால் நன்றாகக் காய்ந்தது கிடைக்கும். கன்னிப்பூ (முதல் போக) அறுப்பு வைக்கோலில் மழை பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், பூசண வாடை வந்தால் வேண்டாம். வைக்கோலில் சத்து குறைவு, தின்ன வைக்கும் உலர்புல்லுக்கு அது ஈடாகாது. பூனைக்கு விற்கும், ஈரம் பட்டதும் கட்டியாகும் மணலையும் தவிர்த்துவிடுங்கள்.

8. கழுவுவதும் காய வைப்பதும்

கழிக்கும் தட்டில் உள்ள தாளையும் வைக்கோலையும் தினமும் மாற்றுங்கள். நடக்கிற வழியின் ஜமக்காளத்தை நாலைந்து நாளுக்கு ஒரு முறை துவைத்தால் போதும், ஈரம் பட்டால் அன்றைக்கே.

முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தட்டில் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகும், சோப்புக்குப் போகாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊற்றி வைத்தால் இளகிவிடும். இதைப் பிளாஸ்டிக்கிலும் வினைலிலும் மட்டும் செய்யுங்கள். மொசைக், மார்பிள், சிமென்ட் தரையை வினிகர் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும். பினாயிலையும் எறும்புச் சாக்பீஸையும் அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். முயல் தரையில் மிதித்த பாதத்தைத்தான் நக்கிச் சுத்தம் செய்யும்.

சிறுநீர் சில நாள் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கலாம். தின்ற இலையின் நிறமியால் அப்படி வரும். அதோடு முக்கினாலோ சாப்பிடாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி காய வைப்பது. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றே பாதி வேலையை முடித்துவிடும், அங்கே இரண்டு செட் விரிப்பு போதும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை அதிகம். மூன்று செட் இல்லாமல் சமாளிக்க முடியாது. கடலோரத்தில் துணி காய்ந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் தொட்டால் பிசுபிசுக்கும். படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அப்படி. அங்கே உள்ளவர்கள் மாடியில் காயப்போட்டதை வெயில் இறங்குமுன் எடுத்துவிட வேண்டும். அடைமழை நாளில் மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டு, கடைசியில் இஸ்திரி போட்டால் உள்ளீரமும் போகும். புறங்கையை வைத்துப் பாருங்கள். துளி குளிர்ச்சி தெரிந்தாலும் முயலுக்கு விரிக்காதீர்கள். ஈரத்தில் ஊறிய தோலில்தான் புண் முதலில் வரும்.

9. செலவும் வாங்கும் நேரமும்

பருத்தி ஜமக்காளம் ஒற்றைக் கட்டில் அளவு 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். வினைல் ஷீட் தடிமனைப் பொறுத்து சதுர அடிக்கு 30 முதல் 60 ரூபாய். ஓலைப்பாய், தட்டு, வினிகர் எல்லாம் சில நூறு ரூபாயில் அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும், கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று இரண்டு இடத்திலாவது கேளுங்கள். விலை குறைந்த வினைலை எடுத்தால் பத்தடிக்கு ஆறரை அடி இடத்தை மூன்று நாலாயிரம் ரூபாய்க்குள் ஒழுங்காக அமைத்துவிடலாம். பணம் குறைவாக இருந்தால் வினைலைத் தள்ளிப்போடுங்கள், இரண்டாவது ஜமக்காளத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதையும் வைகாசிக்குள் வாங்கித் துவைத்துத் தைத்து வைத்துவிடுங்கள். மழை பிடித்தபிறகு புதுசை அலசிக் காய வைப்பது பெரிய பாடு.

முயலை முதல் நாளிலேயே முழு அறைக்குள் விட வேண்டாம். ஒளியும் பெட்டி, தட்டு, தண்ணீர் மூன்றையும் ஒரே விரிப்பில் வைத்து ஆரம்பித்து, ஒரு வாரத்தில் ஒவ்வொரு விரிப்பாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

10. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வாடகை வீடு என்றால், முயல் வளர்க்க வீட்டுக்காரரின் சம்மதத்தை 11 மாத ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் அட்வான்ஸ் திரும்பும் நாளில் உதவாது. விரிப்பதற்கு முன் தரையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவையுங்கள். முயல் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மலையோரத்தில் யாராவது காட்டு முயல் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம்.

ஒரு நோட்டில் எடை, நகம் வெட்டிய தேதி, பாதம் பார்த்த தேதி மூன்றையும் எழுதுங்கள். நகம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டிவரும். பாதத்தை வாரம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்தால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று மருத்துவருக்குக் காட்டலாம்.

11. புண் வந்துவிட்டால்

நம்முடைய களிம்பு எதையும் தடவாதீர்கள், நக்கி விழுங்கும். அமாக்சிசிலின் மாதிரிப் பென்சிலின் வகை மாத்திரையை வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். மாடும் ஆடும் மட்டுமே பார்த்துப் பழகிய மருந்தகமாக இருக்கலாம். போவதற்கு முன்பே போன் செய்து முயல் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முயல் அரை நாளுக்கு மேல் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் புண்ணைவிட அதுதான் அவசரம், அன்றைக்கே கிளம்புங்கள்.

பஸ்ஸில் போவதானால் காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கொண்டுபோகும் பெட்டியின் அடியிலும் ஜமக்காளத் துண்டு ஒன்றை இறுக்கமாகப் பொருத்துங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கி அந்தப் புண்ணிலேயே இடிக்கும்.